கண்ணா, காதா, வலதா, இடதா? மெடிக்கல் கோடிங்கில் புதியவர்களுக்கு முதல் பாடம்

மெடிக்கல் கோடிங் என்பது அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டை, அதாவது மருத்துவக் குறிப்பைப் படித்து, அதிலுள்ள நோய்களுக்குக் குறியீடு போடும் வேலை. இதன் பயிற்சிக்கு வருபவர்கள் இதயம், சிறுநீரகம் என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கண், காது என்றதும் "இது எளிதுதானே" என்று சாய்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை சார்ட் அதிகம் திரும்பி வருவது இந்த எளிதான பாடத்தில்தான். நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, எந்தப் பக்கம் என்பதில் கோட்டை விடுவார்கள். அதனால் நோய்ப் பெயருக்கு முன்பே பக்கத்தைப் படித்துவிடுவோம்.

படி 1: ஆறு சுருக்கங்கள்

அமெரிக்க சார்ட்டுகளில் இவை வரும்: ஓ.டி., ஓ.எஸ்., ஓ.யூ., ஏ.டி., ஏ.எஸ்., ஏ.யூ. முதல் எழுத்து உறுப்பு. ஓ என்றால் கண், ஏ என்றால் காது. லத்தீனில் கண்ணுக்கு ஆக்யுலஸ், காதுக்கு ஆரிஸ் என்று பெயர். இரண்டாவது எழுத்து பக்கம். டி வலது, எஸ் இடது, யூ இரண்டும்.

மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். பழைய பழக்கத்தை மறக்கத்தான் நாளாகும். மருந்துக்கடையில் இரண்டு ஆண்டு நின்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். நம் ஊர் மருந்துச் சீட்டில் ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை. முதல் வாரம் கைக்கு வந்த சார்ட்டில் "ஒரு சொட்டு, ஓ.டி., பி.ஐ.டி." என்று இருந்தது. பி.ஐ.டி. இரு வேளை என்பது தெரியும். ஒரே மருந்து ஒரு வேளையும் இரு வேளையும் எப்படி வரும் என்று குழம்பினேன். மருத்துவர்தான் தவறாக எழுதிவிட்டார் என்று முடிவு கட்டி, பக்கம் குறிப்பிடாத குறியீட்டைப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் தரச் சோதனையிலிருந்து திரும்பி வந்தது. அந்த ஓ.டி. வலது கண்.

இந்த ஆறும் மருத்துவமனைகளிலேயே தொல்லை கொடுப்பவைதாம். ஆங்கிலச் சின்ன எழுத்தில் கையால் கிறுக்கினால் ஏயும் ஓவும் ஒன்றுபோலத் தெரியும்; காதுச் சொட்டு மருந்து கண்ணுக்குப் போய்விடும். அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைக் கண்காணிக்கும் ஐ.எஸ்.எம்.பி. நிறுவனம், பிழைக்கு இடம்தரும் சுருக்கங்களின் பட்டியலில் ஆறையும் சேர்த்திருக்கிறது. ஆனாலும் எழுதுகிறார்கள், நாம் படிக்கிறோம்.

படம் வரைந்திருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். நோயாளி நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலது கண் தாளின் இடப்பக்கத்தில் இருக்கும். கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராமில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது.

படி 2: சொல்லை வாலிலிருந்து பிரியுங்கள்

நீளமான சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். டேக்ரியோசிஸ்டைட்டிஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். வாலில் இருப்பது ஐட்டிஸ், அதாவது அழற்சி. அதற்கு முன் சிஸ்ட், பை. தலையில் டேக்ரியோ, கண்ணீர். கண்ணீர்ப் பை அழற்சி, அவ்வளவுதான்.

கண்ணில் முதலில் தெரிய வேண்டிய வேர்கள்: பிளெஃபரோ இமை, கெரட்டோ கார்னியா, ரெட்டினோ விழித்திரை. கார்னியாவை நம் செய்தித்தாள்கள் கருவிழி என்று எழுதுகின்றன. உண்மையில் அது கண்ணாடிபோலத் தெளிவானது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் அதற்குப் பின்னால் இருப்பவை. காதில் ஓட்டோ என்றால் காது. டிம்பனோ, மிரிங்கோ இரண்டுமே செவிப்பறை. வால்களில் பிளாஸ்டி சீரமைப்பு, ஆட்டமி கீறித் திறப்பது, எக்டமி வெட்டி எடுப்பது. கடைசி இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் ஒன்றென்றே படிப்பவர்கள் உண்டு. செவிப்பறையைக் கீறுவதும் வெட்டி எடுப்பதும் ஒன்றா?

பிரெஸ்பி என்றால் முதுமை. பிரெஸ்பயோபியா, நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்க வைக்கும் நம் வெள்ளெழுத்து. காதில் அதன் உடன்பிறப்பு பிரெஸ்பிக்யூசிஸ், வயதால் வரும் செவிக்குறைவு. டின்னிட்டஸ் என்பது ஐட்டிஸ் போலக் காதில் விழும், ஆனால் அழற்சி கிடையாது. காதுக்குள் கேட்கும் இரைச்சல்தான் அது. ஒலிப்பது என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர்.

இனி எனக்குப் பிடித்த வேர்: ஃபேக்கோ. கிரேக்கத்தில் மைசூர்ப் பருப்புக்கு அந்தப் பெயர். கண்ணுக்குள் இருக்கும் வில்லை அந்தப் பருப்பின் வடிவில் இருப்பதால் அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லென்ஸ் என்பதும் லத்தீனில் அதே பருப்புதான். வில்லை இல்லாத கண் அஃபேக்கியா. கண்புரை அறுவைக்குப் பின் செயற்கை வில்லை பொருத்திய கண் சூடோஃபேக்கியா. சூடோ என்றால் போலி. புதியவர்கள் "போலி" என்றதும் ஏதோ நோய் என்று எண்ணி, கேட்டரக்ட் குறியீட்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கண்ணில் புரை ஏது? அதை எடுத்துவிட்டுத்தானே வில்லை வைத்தார்கள்!

படி 3: பக்கத்தை எண்ணாக்குங்கள்

அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் என்னும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் எச்00 முதல் எச்59 வரை கண், எச்60 முதல் எச்95 வரை காது. பெரும்பாலும் கடைசி இலக்கம் பக்கத்தைச் சொல்லும்: 1 வலது, 2 இடது, 3 இரண்டும். வயதால் வரும் நியூக்ளியர் கேட்டரக்ட் (வில்லையின் நடுப்பகுதியில் வரும் புரை) வலது கண்ணில் என்றால் எச்25.11, இடதில் எச்25.12, இரண்டிலும் எச்25.13.

இமைக்கு வந்தால் இந்தக் கணக்கு உடையும். இமையில் வலியில்லாமல் உருளும் கலேசியான் கட்டிக்கு எச்00.11 வலது மேலிமை, எச்00.12 வலது கீழிமை. இடது மேலிமை எச்00.14, இடது கீழிமை எச்00.15. இங்கே 2 என்பது இடது இல்லை. இரண்டும் என்று சொல்ல எண்ணும் இல்லை. இரு மேலிமைகளிலும் கட்டி இருந்தால் இரண்டு குறியீடுகள் போட வேண்டும். கை பழகும்வரை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கம் வேண்டாம்.

படி 4: ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள்

எழுபத்திரண்டு வயது நோயாளியின் சார்ட்டில் இப்படி ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம்: "சூடோஃபேக்கியா ஓ.டி.; ஏஜ் ரிலேட்டட் நியூக்ளியர் கேட்டரக்ட் ஓ.எஸ்.; இம்பேக்டட் செரூமன் ஏ.யூ."

வலது கண்ணில் ஏற்கெனவே வில்லை வைத்தாயிற்று. அது இசட்96.1, இந்தக் குறியீட்டில் பக்கமே கிடையாது, தேடாதீர்கள். இடது கண்ணில் புரை இன்னும் இருக்கிறது: எச்25.12. மூன்றாவது காது. செரூமன் நம் குறும்பி, இம்பேக்டட் என்றால் இறுகி அடைத்துக்கொண்டது. அதன் தலைப்பு எச்61.2. ஏ.யூ. என்பதால் கடைசி இலக்கத்தை நீங்களே போடுங்கள். எச்61.22 என்று போட்டவர்கள் முதல் படிக்குத் திரும்பி யூ என்ற எழுத்தை இன்னொரு முறை பாருங்கள்.