கேரவனோடு ஆஸ்திரேலியாவின் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோடு போகிறீர்களா?
கிழக்கு முனையிலுள்ள டார்க்கி ஊரில் தொடங்கி மேற்கே போங்கள். ஆஸ்திரேலியாவில் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும், கடலும் பெரும்பாலும் இடப்பக்கமே வரும், அதனால் காட்சி பார்க்க ஒதுங்கும்போது எதிர்வண்டிக்குக் குறுக்கே திரும்ப வேண்டியதில்லை. மொத்தம் 243 கிலோமீட்டர்தான், ஆனால் கேரவனை இழுத்துக்கொண்டு ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், லோர்ன் பக்கம் வளைவுகள் தீரவே தீராது, பிள்ளைகளுக்கு வாந்தி வரும். அப்பல்லோ பேயிலும் போர்ட் கேம்பலிலும் ஒவ்வொரு இரவு தங்குங்கள். பள்ளி விடுமுறை என்றால் முன்பதிவு கட்டாயம்.

கிளம்புமுன் கேஸ் சிலிண்டரை மூடி ஃபிரிட்ஜ் கதவைப் பூட்டுங்கள். நாங்கள் மறந்து, முதல் வளைவிலேயே தயிரெல்லாம் தரையில்! பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அப்புறம், கடலில் நிற்கும் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' பாறைகளை மாலை வெயிலில் பாருங்கள். எண்ணினால் பன்னிரண்டு வராது, முன்பும் வந்ததில்லை. அதிலும் 2005-இல் ஒன்று கண்முன்னே சரிந்துவிட்டது.