வாசலில் ஒட்டியிருந்த தாள்

வெள்ளிக்கிழமை மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் எனக்குப் புரிந்துவிடும். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கும், இல்லை அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி கேஸ் மேனேஜர் ஒரு பட்டியலைக் கொடுத்து, "சாயங்காலத்துக்குள் ஒன்றைச் சொல்லுங்கள், நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்றிருப்பார். பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டமோ ஓடையோ இருக்கும். "அண்ணா, எதைப் போடலாம்?"

ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களை வீட்டுக்குப் போகும் முன் வைத்துத் தேற்றும் இடம். ஆஸ்பத்திரிக்காரர்கள் 'ஸ்னிஃப்' என்பார்கள், நம்மவர்கள் 'ரீஹேப்' என்பார்கள். ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அந்த நினைப்பிலேயே "டாக்டர் கூடவே இருப்பார்" என்று நம்பி வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க விதிப்படி இங்கே டாக்டர் முதல் 90 நாட்களில் 30 நாளைக்கு ஒரு முறை வந்து பார்த்தால் போதும். மற்ற நேரமெல்லாம் நர்ஸும் உதவியாளரும்தான்.

எட்டு வருடமாக நான் ஆம்பட்ஸ்மன் தன்னார்வலர். இந்த மாதிரி இடங்களுக்குள் போய், படுத்திருப்பவர்களிடம் பேசி, குறை இருந்தால் அவர்கள் சார்பில் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்கிற வேலை. எல்லா மாநிலத்திலும் இது உண்டு. எந்த இடம் நல்லது என்று நான் பெயர் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்வேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எதிர்முனையில் பேசுவது பழைய நானேதான் என்று தோன்றும். அதே அவசரம், அதே தப்புகள். அந்தத் தப்புகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாற்றம் அடிக்கிறதா, தரை சுத்தமா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்து நட்சத்திரம் என்றதும் பையை எடுத்து வைப்பது

முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் 'கேர் கம்பேர்' தளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் இருக்கும். 2008 டிசம்பரில் தொடங்கிய ஏற்பாடு. அதைப் பார்ப்பது தப்பில்லை. மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுவதுதான் தப்பு.

அந்த மொத்தம் மூன்று தனித்தனி மதிப்பெண்களிலிருந்து வருகிறது. அரசு ஆய்வு, ஆள்பலம், தரக் குறியீடுகள். ஆய்வு மதிப்பெண்ணை அடியில் வைத்து, மற்ற இரண்டையும் பார்த்து ஒரு நட்சத்திரம் ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். ஆய்வு மதிப்பெண் மாநிலத்துக்குள் போடுகிற ரேங்க்தான்: மேலே இருக்கும் சுமார் 10 சதவீதத்துக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று. ஆகவே ஒரு மாநிலத்து நான்கையும் பக்கத்து மாநிலத்து நான்கையும் ஒப்பிட முடியாது. தரக் குறியீடுகளில் பெரும்பகுதி அந்த இடமே தன் நோயாளிகளைப் பற்றி எழுதி அனுப்பும் பதிவிலிருந்து வருவது. தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற கதை. ஆள்பலம் மட்டும் 2018 முதல் சம்பளப் பதிவேட்டுக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது, அதனால் அங்கே கொஞ்சம் நம்பலாம்.

என் அம்மா போன இடம் ஐந்து நட்சத்திரம். பிரித்துப் பார்த்திருந்தால் ஆய்வில் நான்கு, தரக் குறியீட்டில் ஐந்து, ஆள்பலத்தில் இரண்டு. ஆள்பலம் ஒன்றாக இருந்தால்தான் மொத்தத்தில் குறைப்பார்கள், இரண்டுக்குக் குறைக்க மாட்டார்கள். ஆக, ஆள் போதாத இடம் ஐந்து நட்சத்திரத்தோடு ஜம்மென்று நின்றது. பிரித்துப் பார்க்க ஒரு கிளிக் போதும். நான் பார்க்கவில்லை.

பியானோ, மீன்தொட்டி, புதுக் கம்பளம்

இவை யாரையும் புரட்டிப் படுக்க வைக்காது.

வார நாள் காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்ப்பது

இதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் போனது வெள்ளிக்கிழமை காலை 11 மணி. அட்மிஷன் டைரக்டர் சிரித்த முகத்தோடு சுற்றிக் காட்டினார். அந்த நேரத்தில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். நிர்வாகி, சோஷியல் வொர்க்கர், தெரபிஸ்ட், அலுவலக நர்ஸ்கள் என்று எல்லாரும் ஷிஃப்டில் இருக்கிற நேரம், வராந்தா முழுக்க ஆள். சனிக்கிழமை மாலை அதே வராந்தாவில் நின்றால் அது வேறு கட்டடம் மாதிரி இருக்கும்.

வாசலில், கை துடைக்கும் சானிடைசர் பாட்டிலுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருந்தது. ஒன்பது நாள் காலையும் மாலையும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். தீயணைப்பு அறிவிப்போ என்னவோ என்று நினைத்திருப்பேன். அன்று எத்தனை நோயாளிகள், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆர்.என். (முழுப் பயிற்சி பெற்ற நர்ஸ்) எத்தனை பேர், எல்.பி.என். (அதற்கு அடுத்த நிலை நர்ஸ்) எத்தனை பேர், சி.என்.ஏ. (நர்ஸிங் உதவியாளர்) எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும் தாள் அது. தினமும், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியே ஆக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி.

அம்மாவுக்கு வலது இடுப்பில் ஆபரேஷன். வலியால் அந்தக் காலைத் தானாக அசைக்க மாட்டார். அப்படிக் கிடக்கும் காலின் மொத்த கனமும் குதிகாலில் இறங்கும். அங்கே சதையே கிடையாது, தோலும் எலும்பும்தான். கட்டிலுக்கும் எலும்புக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்தம் போகாமல் சில மணி நேரத்திலேயே செத்துப்போக ஆரம்பிக்கும். தடுப்பது சுலபம்: கெண்டைக்கால் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்த வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து புரட்டிவிட வேண்டும். மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு ஆள் வேண்டும்.

"குளிருதுப்பா" என்றதால் கம்பளி சாக்ஸ் மாட்டிவிட்டது நான்தான். ஒன்பதாம் நாள் அதைக் கழற்றினால், குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருப்பு. அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்கப் போனேன். துணி பட்டதும் அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம்தான் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "வாசலில் இருக்கும் தாளைப் படித்தீர்களா?" முழித்தேன். பழைய தாள்களை அந்த இடம் 18 மாதமாவது வைத்திருக்க வேண்டும், யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கேட்டு வாங்கினோம். முதல் ஞாயிறு மாலை ஷிஃப்ட்: நோயாளிகள் 96, சி.என்.ஏ. 5.

கணக்குப் போடுங்கள். ஒருவருக்குப் பத்தொன்பது பேர். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டுமென்றால் தலைக்கு ஆறு நிமிடம். அதற்குள் டயப்பர் மாற்ற வேண்டும், புரட்ட வேண்டும், பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும். நடுவில் இரவுச் சாப்பாடு, கையால் ஊட்ட வேண்டியவர்கள் தனி. அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஐந்து பேருக்குப் பத்துக் கைதான்.

புண் ஆற நாலு மாதம். காலை ஊன்றக் கூடாது என்று தெரபியை நிறுத்தினார்கள். மெடிகேர் முழுசாகக் கொடுக்கும் முதல் 20 நாட்களில் மிச்சம் இருந்தவை நடைப்பயிற்சி இல்லாமலே கரைந்தன. 21-ஆம் நாளிலிருந்து 100 வரை தினமும் நம் பங்கு கட்ட வேண்டும். 2025 கணக்கில் அது நாளைக்கு 209.50 டாலர். துணை இன்ஷூரன்ஸ் இருந்தால் தப்பிக்கலாம், எங்களுக்கு இல்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அம்மா அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்கவே இல்லை.

ஆகவே, சனி அல்லது ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் போங்கள். "வார நாளில் அப்பாயின்ட்மென்ட் எடுத்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். முதலில் தாளைப் போட்டோ எடுங்கள். பிறகு உள்ளே நிற்கும் ஆட்களை நீங்களே எண்ணுங்கள், தாளில் ஒன்றும் தரையில் வேறொன்றும் இருப்பது நடக்காததல்ல. வராந்தாவில் ஒரு அறைக் கதவுக்கு மேலே அழைப்பு விளக்கு எரிந்தால், எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று செல்போனில் பாருங்கள். சில சமயம் ஒருவர் வந்து, விளக்கை அணைத்துவிட்டு, "இதோ வருகிறேன்" என்று போய்விடுவார். அதோடு கடிகாரத்தை நிறுத்தாதீர்கள், கேட்ட காரியம் முடிகிற வரை ஓடட்டும். எதிரே வரும் சி.என்.ஏ.விடம் "இன்றைக்கு உங்களுக்கு எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட வரையில் யாரும் சொல்லாமல் போனதில்லை. அவர்களிடம் அதை யாரும் கேட்பதே இல்லை.

நேரில் போக முடியாதவர்களுக்கு கேர் கம்பேரிலேயே வார இறுதி ஆள்பலம் தனியாக இருக்கிறது. ஒரு வருடத்தில் எத்தனை சதவீத நர்ஸிங் ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் இருக்கிறது. 2022-லிருந்து இரண்டையும் வெளியிடுகிறார்கள். ஆர்.என். மணி நேரக் கணக்கில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து காகித வேலை பார்க்கும் ஆர்.என்.களும் அதில் சேர்த்தி.

தெரபி ஜிம்மைப் பார்த்து மயங்குவது

பளபளக்கும் கம்பிகள், சைக்கிள், படிக்கட்டு எல்லாம் இருக்கும். அம்மா அங்கே இருக்கப்போவது நாளைக்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, மீதி நேரம் கட்டிலில்தான். தெரபி நிமிடத்தைக் கணக்குப் பார்த்து மெடிகேர் பணம் கொடுத்த முறையும் 2019 அக்டோபரோடு போய்விட்டது. அதனால் "தெரபி உண்டா?" என்று கேட்காமல், இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு நாளைக்கு எத்தனை நிமிடம், ஞாயிற்றுக்கிழமை உண்டா, கூட்டமாகவா தனியாகவா என்று கேளுங்கள்.

"ரொம்ப அமைதியான இடம்" என்று சந்தோஷப்படுவது

பிற்பகல் மூன்று மணிக்குப் பத்துப் பேர் சக்கர நாற்காலியில் தலை தொங்கத் தூங்கினால் அதை நான் அமைதி என்று சொல்ல மாட்டேன். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்து கொடுத்தால் இறக்கும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. எத்தனை பேருக்கு அந்த மருந்து என்பதும் ஒரு தரக் குறியீடு, ஸ்கிட்ஸோஃப்ரினியா உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அதிலிருந்து தப்பிக்க, நோயாளிக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா என்று எழுதிவிடும் வழக்கம் சில இடங்களில் இருந்ததால், 2023-லிருந்து அதைத் தனியாகத் தணிக்கை செய்கிறார்கள். எண்பது வயதில் அப்பாவுக்குத் திடீரென்று ஸ்கிட்ஸோஃப்ரினியா வந்திருந்தால் யார் எழுதியது, எதை வைத்து என்று கேட்க வேண்டும்.

ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்காமல் வருவது

கேட்கவே தேவையில்லை. கடைசி ஆய்வு அறிக்கையை யாரிடமும் கேட்காமலே எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு இடத்தில் அந்த ஃபைல் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னால் இருந்தது, தூசியோடு.

அந்தப் படிவத்துக்கு எண் 2567. எத்தனை குறைகள் என்று எண்ணிப் பயன் இல்லை. ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். பெரும்பாலும் டி, ஈ, எஃப் தான் கண்ணில் படும். ஜி, ஹெச், ஐ என்று இருந்தால் யாருக்கோ நிஜமாகவே பாதிப்பு நடந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கே ஆபத்தாகும் நிலை. எந்த வகைக் குறை என்பதற்குத் தனியாக ஓர் எண் இருக்கும்: எஃப் 686 படுக்கைப் புண், 689 விபத்தும் மேற்பார்வையும், 725 ஆள் போதாமை. இந்த மூன்றில் ஒன்று அடுத்தடுத்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தால் நான் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்திவிடுவேன். மூன்று வருட அறிக்கைகளைக் கேட்டால் காட்ட வேண்டும்.

"நல்லா பார்த்துக்குவீங்கள்ல?" என்று கேட்பது

இல்லை என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

சேர்த்த பிறகு பார்ப்பதை நிறுத்துவது

"மணி அடிச்சா யாரும் வரதில்லப்பா" என்று அம்மா மூன்றாம் நாளே சொன்னார். "இங்கெல்லாம் அப்படித்தாம்மா, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

நம் பெற்றோரில் பாதிப் பேர் மணியே அடிப்பதில்லை. இங்கிலீஷ் வராது, "பாவம், அந்தப் பொண்ணுக்கு எதுக்குத் தொந்தரவு" என்ற கூச்சம் வேறு. அவர்களுக்குப் புரிகிற மொழியில் விஷயத்தைச் சொல்வது அந்த இடத்தின் கடமை. அது நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. தண்ணீர், வலி, பாத்ரூம் என்று நாலு படத்தோடு தமிழும் இங்கிலீஷும் எழுதிய அட்டை ஒன்று கட்டில் ஓரத்தில் இருந்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

சாப்பாட்டுத் தட்டு திரும்பிப் போகும்போது அதில் என்ன மிச்சம் என்று பாருங்கள். சைவக்காரர் என்று எழுதிக் கொடுத்த பிறகும் பத்து நாள் மசித்த உருளைக்கிழங்கிலேயே ஓட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். எடையை எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது, 50 கிலோ அம்மாவுக்கு அது வெறும் இரண்டரை கிலோ. சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பக் கவனிப்புத் திட்டம் ஒன்று தயாராக வேண்டும். அதன் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, குதிகால் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். போகும்போதெல்லாம் சாக்ஸைக் கழற்றுங்கள்.

போன மாதம் ஒரு பையன் அழைத்தான். அப்பாவுக்கு இடுப்பு, பட்டியலில் ஒன்பது பெயர்கள். ஞாயிறு மாலை 7.10-க்குப் போட்டோ வந்தது. மூன்று நட்சத்திர இடம். நோயாளிகள் 58, சி.என்.ஏ. 6. அழைப்பு விளக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். நாலு என்றான். அப்புறம் நான் கேட்காமலே ஒன்று சொன்னான்: சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சி.என்.ஏ. நின்றுகொண்டு ஊட்டாமல், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாட்டி விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்த கரண்டியை எடுத்தாராம்.