ஆடிஷன் அறைக்குள் கொண்டுபோகக் கூடாத காட்சிகள்

நடிகராகத் துடிக்கும் ஒருவரைப் பற்றிய படம் என்றால் அதில் ஆடிஷன் காட்சி ஒன்று கட்டாயம் இருக்கும். வெளியே நீண்ட வரிசை. உள்ளே மேசைக்குப் பின்னால் சலிப்போடு மூன்று பேர். நாயகன் பேசத் தொடங்குகிறான். குனிந்திருந்தவர் நிமிர்கிறார், பேனா நிற்கிறது, பின்னணி இசை எழுகிறது. அடுத்த காட்சியில் அவனுடைய கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள்.

கதைக்கு இது பொருத்தமே. இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு வாழ்க்கையைத் திருப்பிக் காட்ட வேண்டியவருக்கு அப்படி ஒரு நிமிடம் தேவை. ஆனால் உண்மையான ஆடிஷனுக்கு வருகிறவர்களும் அந்த நிமிடத்துக்காகவே தயாராகி வருகிறார்கள். சில ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்தபோது, கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பது என் வேலை. அங்கே பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் திறமைக் குறைவால் வந்தவை அல்ல. ஆடிஷன் பற்றிய படங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டுமோ அதை விட்டு, எடுக்கக் கூடாததை எடுத்துக்கொண்டதால் வந்தவை.

சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடி. தேனிப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய இளைஞர் ஒருவர். மளிகைக் கடைக்காரர் வேடம். கடன் கேட்டு வரும் சொந்தக்காரரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். நான்கே வரி. காகிதத்தை வாங்கியவர், “அதற்கு முன்னால் ஒன்று செய்து காட்டட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டுப் பழைய படம் ஒன்றின் நீதிமன்ற வசனத்தை முழங்கினார். கீழே வீட்டுக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். அதன்பின் நான்கு வரியைப் பேசியபோதும் குரல் நீதிமன்றத்திலிருந்து இறங்கவில்லை. கடன் கேட்டவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல இருந்தது.

கேமராவை நிறுத்திய பிறகு அவர் என்னிடம் வந்து, மாலை வரை பையை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்பதற்குள் இரண்டு தடவை பையின் வாரைச் சரி செய்தார். என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். கேட்கவும் கூச்சம், மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற தவிப்பும். அந்தக் கடைக் காட்சிக்குத் தேவைப்பட்டது இதேதான். அது அவரிடமே இருந்தது; கேமராவுக்கு முன்னால் அதை விட்டுவிட்டு வேறொருவரின் குரலை எடுத்துக்கொண்டு நின்றார்.

இன்னொருவர் நடித்துப் புகழ்பெற்ற வசனத்தைச் செய்து காட்டுவது முதல் தவறு. 1952இல் சிவாஜி கணேசன் திரையில் முழங்கினார் என்றால், சிறுவயதிலிருந்து நாடகக் கம்பெனி மேடைகளில் வளர்ந்த குரல் அது. அந்தக் குரலைப் பிரதி எடுப்பவர், தான் எப்படிப்பட்டவர் என்பதை நமக்குக் காட்டாமலே போய்விடுகிறார். ஏதாவது செய்து காட்டுங்கள் என்று சொன்னால், யாரும் அறியாத ஒரு சிறு சூழலை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் வயதுக்குப் பொருந்தியதாக, ஒன்றரை நிமிடத்துக்கு மிகாமல்.

அடுத்த தவறைப் புரிந்துகொள்ள ஒரு படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘மல்ஹாலண்ட் டிரைவ்’, 2001இல் வந்தது. ஹாலிவுட்டுக்குப் புதிதாக வந்த பெட்டி, ஆடிஷனுக்கான வசனத்தை வீட்டில் தோழியோடு ஒத்திகை பார்க்கிறாள். குடும்ப நண்பரான வயதான ஆணை ஓர் இளம்பெண் விரட்டும் காட்சி. கோபமாகப் பேசுகிறாள், எழுத்து மிகச் சாதாரணம் என்று அவளே சிரிக்கிறாள். பார்க்கும் நமக்கும் அப்படித்தான் படுகிறது. பிறகு ஆடிஷன் அறையில் எதிரே நடிக்கும் மூத்த நடிகர் வேண்டுமென்றே நெருங்கி நிற்கிறார். அவள் ஒரு கணம் தடுமாறுகிறாள். பிறகு விலகாமல் அந்த நெருக்கத்தையே எடுத்துக்கொள்கிறாள். அதே சொற்கள் இப்போது காதோரம் கிசுகிசுப்பாக வருகின்றன. வெறுப்பும் ஈர்ப்பும் பிரிக்க முடியாதபடி கலந்து நிற்கின்றன. சொல் மாறவில்லை, காட்சி முழுதாக மாறிவிட்டது.

வசனத்தை ஒரே ராகத்தில் மனப்பாடம் செய்துகொண்டு வருவதன் ஆபத்து இதில் தெரிகிறது. கண்ணாடி முன் நாற்பது தடவை சொல்லிப் பார்த்த ஏற்ற இறக்கம் நாக்கில் உறைந்துவிடும். இயக்குநர், “இதையே கோபப்படாமல் சொல்லுங்கள்” என்றால், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி அதே கோபத்தைச் சொல்வார்கள். அறையில் திருத்தம் சொன்னால் அது குறை சொல்வதல்ல. சொன்னதை ஏற்று மாறக்கூடியவரா என்று பார்க்கிறார்கள். இரண்டாவது தடவை செய்யச் சொல்வதே நம்பிக்கை பிறந்ததால்தான். எனவே சொற்களை மனதில் ஏற்றுங்கள், ராகத்தை ஏற்றாதீர்கள். நடந்துகொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு, எந்த உணர்ச்சியும் சேர்க்காமல் சொல்லிப் பழகுவது நல்ல வழி.

பெட்டியாக நடித்த நவோமி வாட்ஸ் அதற்கு முன் பத்தாண்டு அளவுக்குச் சிறு வேடங்களில் அலைந்தவர். அவரை லிஞ்ச் புகைப்படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நேரில் அழைத்துப் பேசினார். வசனம் படிக்கவைத்துப் பார்க்கவில்லை. அந்தப் படமே முதலில் தொலைக்காட்சித் தொடருக்கான முன்னோட்டமாக எடுக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டதுதான். உலக சினிமாவின் மிகச் சிறந்த ஆடிஷன் காட்சிக்குப் பின்னால் இத்தனை மறுப்புகள் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

கவனிக்காமல் நடிப்பது இன்னொரு தவறு. எதிர் வசனத்தைப் படிக்கும் என்னைப் போன்றவர்கள் நடிகர்கள் அல்ல. காலையிலிருந்து அறுபது தடவை படித்து, ஏழாவது மணி நேரத்தில் குரல் வறண்டு போயிருக்கும். “அவர் சரியாகப் படிக்கவில்லை, அதனால் எனக்கு வரவில்லை” என்பது செல்லாத காரணம். நான் பேசும்போது பலருடைய உதடுகள் தங்கள் அடுத்த வரியை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். கேமராவில் அது துல்லியமாகத் தெரியும்.

தங்கை வேடத்துக்கு ஒரு பெண் வந்தார். தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. வார விடுமுறை நாளில் வந்திருந்தார். படிக்கும்போது ஒரு வரியைத் தவறவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டேன். மற்றவர்கள் “சார், ஒரு வரி விட்டுப்போச்சு” என்று நிறுத்துவார்கள். அவர் நிறுத்தவில்லை. இந்த அண்ணன் ஏன் திடீரென்று இப்படிச் சொல்கிறான் என்பது போல என்னைப் பார்த்தார், ஒரு மூச்சு பொறுத்தார், நான் சொன்னதற்குப் பதிலாகத் தன் வரியைச் சொன்னார். மானிட்டர் பக்கத்தில் இருந்த இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். பின்னணி இசை எதுவும் இல்லை.

‘லா லா லேண்ட்’ படத்தில் மியா என்ற பெண், சட்டையில் சிந்திய காபிக் கறையை மேலங்கியால் மறைத்துக்கொண்டு ஓர் ஆடிஷனுக்குப் போவாள். தொலைபேசியில் பேசி அழும் காட்சி. கண்ணீர் உண்மையாகவே வந்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் குறுக்கே வர, பார்த்துக்கொண்டிருந்தவரின் கவனம் அங்கே போய்விடும். மியா அதே முகத்தோடு அப்படியே காத்து நிற்பாள். அந்தப் படத்தில் நடித்த ரயன் காஸ்லிங்குக்கு நிஜத்தில் நேர்ந்த அனுபவத்திலிருந்து பிறந்த காட்சி அது. இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இரக்கமற்றவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குறுக்கீடு மரியாதைக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நீங்கள் தோற்க வேண்டும் என்று நினைப்பதில்லை. படப்பிடிப்புத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். இவராவது பொருந்திவிட்டால் நிம்மதி என்றுதான் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நினைப்போம். அவர்களை எதிரிகளாக எண்ணி உள்ளே வருகிறவரின் தோள்கள் இறுகிவிடுகின்றன. வேடம் கைநழுவுவதற்கு உயரம், வயது, ஏற்கெனவே முடிவான நடிகரோடு முகப் பொருத்தம் என்று நடிப்புக்குத் தொடர்பில்லாத காரணங்களே அதிகம்.

வீட்டிலிருந்து வீடியோ அனுப்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, முகத்துக்கு எதிரே இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதன்மீதாவது சாய்த்து வையுங்கள். அழகு சேர்க்கும் ஃபில்டர், பின்னணிப் பாட்டு இரண்டும் வேண்டாம். பெயர், வயது, உயரம், ஊர், தொடர்பு எண் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். நன்றாக நடித்தும் எண் இல்லாததால் அழைக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுத்தான் சினிமாவுக்கு வர வேண்டும் என்ற எண்ணத்தையும் படங்களே விதைக்கின்றன. வாழ்க்கை வேறு மாதிரி நடந்திருக்கிறது. நாகேஷ் ரயில்வேயில் எழுத்தராக இருந்துகொண்டே நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்றுவலி நோயாளியாக வந்து போகும் சின்ன வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அதைப் பாராட்டிக் கோப்பை கொடுத்தார். பின்னாளில், ஓட்டலில் பரிமாறும் ஒருவன் திரை நட்சத்திரமாகும் கதையான ‘சர்வர் சுந்தரம்’ 1964இல் வந்தபோது அதன் நாயகன் அவரே. விஜய் சேதுபதி, ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்காளராக வேலை பார்த்தபடி நடிகர்களின் பயிற்சியைக் கவனித்தவர். மாத வாடகை பற்றிய பயத்தோடு வருகிறவரின் கண்ணில் அந்தப் பயம் தெரிகிறது. அதோடு, அந்தப் பயம்தான் அவரை ஏமாற்றுக்காரர்களிடமும் கொண்டுபோய் விடுகிறது.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பதிவுக் கட்டணம், போட்டோ ஷூட் கட்டணம், சங்க உறுப்பினர் அட்டை வாங்கித் தருகிறோம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, ஆடிஷனுக்குப் பணம் கேட்பவரிடம் உங்களுக்கான வேடம் எதுவும் இல்லை. நடிகருக்குத்தான் சம்பளம் தருவார்கள். பெரிய இயக்குநர் பெயரில் வாட்ஸ்அப் செய்தி வந்தால் அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்குவது கடினமாகும்.

பெண்களிடம் கேட்கப்படுவது பணம் மட்டுமல்ல. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. வாய்ப்புக்கு விலையாகக் கேட்கப்படுவதற்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்ற சொற்கள் அந்தத் துறையில் புழங்குவதை அது பதிவு செய்திருக்கிறது. எத்தனையோ படங்கள் இதை நகைச்சுவையாக்கின. சில, கடந்து வர வேண்டிய படி போலக் காட்டின. இரண்டும் பொய். 2009இல் வந்த ‘லக் பை சான்ஸ்’ இந்த இடத்தில் நேர்மையான படம்: தயாரிப்பாளர் ஒருவரின் வாக்கை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணுக்குக் கடைசியில் அந்த வேடம் கிடைப்பதே இல்லை. அந்தச் சொற்கள் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரவு நேரத்தில், ஓட்டல் அறையில், தனியாக வரச் சொன்னால் போகாதீர்கள். உடன் ஒருவரை அழைத்து வந்தால் முறையாக நடக்கும் எந்த ஆடிஷனிலும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

துணிக்கடையில் பில் போட்ட பெண்ணுக்கு அந்தத் தங்கை வேடம் கிடைக்கவில்லை. அண்ணனாக முடிவான நடிகரைவிட நான்கு விரற்கடை உயரம். எட்டு மாதம் கழித்து வேறொரு படத்துக்கு ஆள் தேடும்போது பழைய பதிவுகளைப் புரட்டினேன். பெயர், உயரம், எண் எல்லாம் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அழைத்தேன். அவர் முதலில் கேட்டது, எந்தக் கிழமை வர வேண்டும் என்பதைத்தான். செவ்வாய் என்றால் கடையில் விடுமுறை கேட்க வேண்டியதில்லை என்றார்.