கத்தியில் ஹமோன்: மண் பூசும் முன்பே நேரும் தவறுகள்

ஜப்பானிய வாள்களின் வாயோரமாக அலையலையாக ஓடும் வெண்கோட்டுக்கு ஹமோன் என்று பெயர். கத்தியின் முதுகில் களிமண் பூசிச் சூடேற்றித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது, மண் இல்லாத வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து, மிகக் கடினமான மார்ட்டென்சைட்டாக இறுகுகிறது. மண்ணுக்கு அடியில் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து, மிருதுவான பியர்லைட்டாக நின்றுவிடுகிறது. இரண்டும் சந்திக்கிற இடம்தான் அந்தக் கோடு. கோடு வராவிட்டால் பலரும் மண் கலவையைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். மண்மேல் பெரும்பாலும் தப்பே இருக்காது.

முதலில் எஃகைப் பாருங்கள். லாரி லீஃப் ஸ்பிரிங் கையில் சுலபமாகக் கிடைக்கும், கத்திக்கும் நல்ல எஃகுதான். ஆனால் ஹமோனுக்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் குரோமியமும் மாங்கனீஸும் மெதுவாகக் குளிர்ந்தாலும் எஃகை இறுக வைத்துவிடும். மண்ணுக்கு அடியிலும் அதே கடினம் வந்தபின் கோடு எங்கே விழும்? பேரிங் எஃகான 52100-க்கும் இதே கதிதான். வேண்டியது கார்பன் நிறைந்த, மாங்கனீஸ் அரை சதவீதத்தைத் தாண்டாத எஃகு: 1095, டபிள்யூ2, ஜப்பானிய வெள்ளைக் காகித எஃகு போன்றவை. 1084-இல் கோடு வரும், ஆனால் உயிரில்லாமல் நேராக ஓடும். பழைய அரத்தை எடுப்பதானால், ஒரு துண்டின் மேல்தோலைச் சாணையில் எடுத்துவிட்டு, சூடேற்றித் தோய்த்துச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். படக்கென்று உடைந்தால் சரி. வளைந்தால் அது மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட மலிவு அரம்.

அடுத்தது சூடு. அதிகமான கத்திகள் கெடுவது இங்கேதான். 770 டிகிரி செல்சியஸில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். 1095-க்குத் தேவை ஏறக்குறைய 800 டிகிரி. ‘இன்னும் கொஞ்சம் ஏறட்டும்’ என்று 850, 900 வரை விட்டால் இரண்டு கேடுகள் சேர்ந்து வரும். எஃகின் மணிகள், அதாவது உள்ளே இருக்கும் நுண்படிகங்கள், பெருத்துக் கத்தி நொறுங்கும் தன்மை பெறும். பெருத்த மணி எஃகை ஆழமாகவும் இறுகச் செய்யும் என்பதால், கோடு முதுகை நோக்கி ஏறிக் காணாமலே போய்விடும். பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்துச் சூட்டை மதிப்பிடாதீர்கள். வெயிலில் மங்கலாகத் தெரியும் சிவப்பு உண்மையில் அளவு கடந்த சூடு. கேஸ் உலையில் மெல்லிய முனைதான் முதலில் எரியும், அதனால் கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மண் பூசும் முன் 870, 820, 770 என்று இறங்குவரிசையில் மூன்று முறை சூடேற்றி, ஒவ்வொரு முறையும் கருக்கும் வரை காற்றில் ஆறவிட்டால் மணிகள் சிறுத்துவிடும். சோம்பல் காரணமாக இதைத் தாண்டுபவர்களே அதிகம்.

மண்ணுக்கு, உலைச் சூட்டைத் தாங்கும் ஃபயர் சிமெண்ட் போதும். கத்தியை 120 நம்பர் எமரியால் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகக் கழுவுங்கள். கைரேகை பட்டால்கூட அந்த இடத்தில் மண் உரியும். முதலில் மோர் பதத்தில் மெல்லிய பூச்சு, அதன்மேல் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் முதுகுப் பூச்சு. அதற்குமேல் அப்பினால் மண்ணில் தேங்கிய சூடு வாய்க்கு இறங்கி, இறுகியதை இளக்கிவிடும். 30 மில்லிமீட்டர் அகலக் கத்தியில் வாயிலிருந்து 10 மில்லிமீட்டர் விட்டு ஆரம்பியுங்கள். கோடு மண்ணின் ஓரத்தை அச்சடித்ததுபோல் பின்பற்றாது. வேகமான திரவத்தில் மண்ணுக்கு அடியில் சற்று ஏறும், மெதுவானதில் வாய்ப்பக்கம் இறங்கும். ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி மண்ணைத் தெறிக்க வைக்கும்.

1095 எஃகு 800 டிகிரியிலிருந்து சுமார் 540-க்குக் கீழே ஒரு விநாடிக்குள் இறங்கியாக வேண்டும். பழைய என்ஜின் ஆயிலால் அது முடியாது. வாயே இறுகாது, புகையும் நச்சு. தண்ணீரில் முடியும், கோடும் அருமையாக விழும், ஆனால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால் கத்தியில் விரிசல் விழுந்துவிட்டது. பழகும் வரை, எஃகைத் தோய்ப்பதற்கென்றே விற்கும் வேகமான குவெஞ்ச் ஆயிலே புத்திசாலித்தனம். அது கிடைக்காவிட்டால் சமையல் எண்ணெய் நான்கு லிட்டராவது எடுத்து, 50 முதல் 55 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெயைவிட இளஞ்சூட்டு எண்ணெய்தான் சீக்கிரம் குளிர வைக்கும். தண்ணீர்தான் என்று தீர்மானித்தால் வாயை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டு, இரண்டு மூன்று விநாடி தண்ணீரிலும் மீதி நேரம் எண்ணெயிலும் தோய்க்கலாம். எதில் தோய்த்தாலும் முன்னும் பின்னுமாகத்தான் அசைக்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். எண்ணெய் தீப்பிடித்தால் மூட ஒரு இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

கையில் பிடிக்கிற சூட்டுக்கு ஆறியதுமே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை டெம்பரிங் (நொறுங்கும் தன்மை குறைய மிதமாகச் சூடேற்றுவது) செய்துவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வைத்த கத்தி மேசைமேல் இருந்தபடியே விரிசல் விடலாம். பிறகு சாணை பிடிக்கும்போது கையுறை போடாதீர்கள். வெறும் கை பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் முக்குங்கள். வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது.

சாணையிலிருந்து வந்த கத்தியில் கோட்டைத் தேடி ஏமாந்து, மறுபடி உலையில் வைப்பவர்களும் உண்டு. கார்பன் இழந்த மேல்தோல் முழுவதும் போகும்வரை எதுவும் தெரியாது. 220 நம்பர் வரை தேய்த்து, சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடில் அரை நிமிடம் நனைத்தால் கோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் 400, 800, 1500 என்று கையாலேயே தேயுங்கள், முந்தின கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போங்கள். பஃபிங் சக்கரம் பளபளப்பைக் கொடுத்துக் கோட்டின் நுணுக்கத்தை அழித்துவிடும். கடைசி அரிப்புக்கு ஒரு பங்கு ஃபெர்ரிக் குளோரைடுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், 10 முதல் 15 விநாடி, உடனே சோடா உப்புக் கரைசலில் கழுவல், படிந்த கருப்பு நிறத்தை மெட்டல் பாலிஷால் துடைத்தல், இதையே பலமுறை. அவசரப்பட்டு அடர்த்தியான கரைசலில் ஊறவைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி கருப்பு வெள்ளைப் பட்டைதான் மிஞ்சும்.

கோடு உண்மையாகவே விழவில்லை என்றால் நேரே மறுபடி தோய்க்காதீர்கள். அந்த மூன்று இறங்குவரிசைச் சூடுகளையும் முதலிலிருந்து கொடுத்துவிட்டு, மண்ணைப் புதிதாகப் பூசுங்கள்.