மிங், சிங் கல்லறை நிலத்தை ஃபெங் சுய் கண்ணோடு வாசிக்கும் முறை

பெய்ஜிங்கிலிருந்து சுமார் 50 கி.மீ. வடக்கே, தியான்ஷோ மலையடிவாரத்தில் சீனாவின் மிங் அரசமரபைச் சேர்ந்த 13 பேரரசர்களின் கல்லறைகள் இருக்கின்றன. முதலில் எழுந்தது யோங்லே பேரரசரின் சாங்லிங். 1409-இல் வேலை தொடங்கியது. மலை, நீர், திசை பார்த்து இடம் தேரும் சீன மரபான ஃபெங் சுய் முறையில் நிலத்தை வாசிக்கப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடமும் திசைகாட்டியும் போதும். திசைகாட்டியைக் கடைசியில் எடுங்கள். முதலில் மலையைப் பாருங்கள்.

‘ச்சி’ எனும் உயிராற்றல் காற்று பட்டால் கலையும், நீர் மறித்தால் நிற்கும். இதுதான் ஆதாரக் கொள்கை. மலை, மேடு, ஓடை என்று எதைப் பார்த்தாலும் இந்த இரண்டில் எதற்கு அது உதவுகிறது என்று கேளுங்கள்.

வரைபடத்தில் பின்மலையின், அதாவது கல்லறைக்குப் பின்னே நிற்கும் மலையின், முகட்டுக் கோட்டை விரலால் தொடருங்கள். இதுதான் டிராகன் நரம்பு. தொலைவிலிருந்து ஏறி இறங்கி, வளைந்து வந்து, சமவெளியைத் தொடும் முன் தணிந்து நிற்க வேண்டும். வெட்டுண்ட முகடு, செடியில்லாத மொட்டைப் பாறை, கிளைவிடாமல் நேராக ஓடும் மேடு ஆகியவற்றை நிலம் பார்ப்பவர்கள் ஒதுக்கினார்கள். நரம்பு அறுபடக் கூடாது என்பதால்தான் கல்லறை எல்லைக்குள் மரம் வெட்டவும் கல் உடைக்கவும் தடை இருந்தது.

அடுத்து, பின்மலைக்கு முதுகு காட்டி, கல்லறை பார்க்கும் பக்கமே நீங்களும் பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்க மலைத்தொடர் நீல டிராகன், வலக்கைப் பக்கம் வெள்ளைப் புலி. பலர் கல்லறையை நோக்கி நின்றுகொண்டு இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் எல்லாமே தலைகீழாகிவிடும். இரண்டு தொடரிலும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், காற்று நுழையும் வழி அது. எல்லாக் கல்லறையும் தெற்கு நோக்கும் என்றும் எண்ண வேண்டாம். வான்லி பேரரசரின் டிங்லிங் பள்ளத்தாக்கின் மேற்கில் தன் சொந்தப் பின்மலையில் சாய்ந்து, தென்கிழக்கைப் பார்க்கிறது.

முன்பக்கம் திறந்த வெளி வேண்டும், அதன் பெயர் மிங்தாங். அதைத் தாண்டி மேசை போலத் தாழ்ந்த ஒரு குன்று, இன்னும் தள்ளி உயர்ந்த எதிர்மலை. அருகிலுள்ளது உயர்ந்துவிட்டால் கல்லறையை அமுக்குவதாகக் கொள்வார்கள். இந்த அடுக்கைத் தெளிவாகப் பார்க்க மிங்குக்குப் பின் ஆண்ட சிங் அரசமரபின், ஹெபெய் மாகாணத்து கிழக்குச் சிங் கல்லறைகளுக்குப் போங்கள். அங்கே ஷுன்ஜி பேரரசரின் ஷியாவோலிங்கில் பின்னே சாங்ருய் மலை, முன்னே யிங்பி குன்று, அதற்கப்பால் ஜின்ஷிங் மலை என மூன்றும் ஒரே அச்சில் நிற்கின்றன.

சாங்லிங்குக்குப் போகும் புனிதப் பாதை சுமார் 7 கி.மீ. நீளம். அது நேர்கோடு அல்ல என்பதை நடந்தால்தான் உணர முடியும். இருபுற மலைகளில் சிறியதன் பக்கம் பாதை லேசாக ஒதுங்கும். சிறிய மலை கிட்டே வந்து பெரிதாகத் தெரிவதால் இரண்டும் கண்ணுக்குச் சமமாகிவிடும். நுணுக்கமான வேலை இது, வாகனத்தில் போனால் தவறவிடுவீர்கள்.

நீர் கல்லறையை அணைத்து வளைய வேண்டும். நேராகப் பாய்ந்து வந்து மோதக் கூடாது. இன்று பள்ளத்தாக்கின் தென்கிழக்கில் தெரியும் நீர்ப்பரப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது 1958-இல் கட்டிய நீர்த்தேக்கம்.

இப்போது திசைகாட்டி. லுவோபான் எனும் ஃபெங் சுய் திசைகாட்டியில் 24 ‘மலைகள்’, அதாவது திசைப் பிரிவுகள், ஒவ்வொன்றும் 15 பாகை. பெய்ஜிங் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 7 பாகை மேற்கே விலகும், அதாவது கிட்டத்தட்ட அரை ‘மலை’. வரைபடத்தோடு ஒப்பிடும்போது திருத்தாவிட்டால் பக்கத்துப் பிரிவில் போய் விழுவீர்கள்.

கடைசித் தீர்ப்பு மண்ணுக்குத்தான். சவப்பெட்டி அமரும் புள்ளியில் குழி தோண்டி மண்ணைப் பார்த்தார்கள். நுண்ணிய, இறுகிய, லேசான ஈரமுள்ள மண் நல்லது. கிழக்குக் கல்லறைப் பகுதியில் யோங்ஜெங் பேரரசருக்கு முதலில் பார்த்த இடத்தில் மணலும் சரளையும் கலந்திருந்ததால் கைவிட்டு, யி மாவட்டத்துக்குப் போனார்கள். இன்றைய மேற்குச் சிங் கல்லறைகள் அப்படித் தொடங்கியவைதான். தாவோகுவாங் பேரரசர் விஷயம் இன்னும் கசப்பானது. கிழக்கில் பாவோஹுவாயூவில் கட்டி முடித்து, பேரரசியையும் அடக்கம் செய்தபின், 1828-இல் உள்ளே நீர் கசிந்திருப்பது தெரிந்தது. முழுக் கல்லறையையும் இடித்துவிட்டு மேற்குச் சிங் கல்லறைப் பகுதியில் மூலிங் என்ற புதிய கல்லறையைக் கட்ட வேண்டியதாயிற்று. மலையமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலத்தடி நீரைக் காட்டிக்கொடுக்காது.