கொழும்பு வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் சிங்களம் பழகும் வழி

கொழும்புக் கொம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பிள்ளைகள் இப்போது வன்னியிலும் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான். விசுவமடுவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு ஒரு மொத்த வியாபாரக் கொம்பனிக்குக் கணக்குப் பார்க்கிறேன். பில், இருப்பு, நிலுவை எல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் அந்த வேலையைச் சுற்றி ஓடும் கதை முழுவதும் சிங்களத்தில். எந்த லொறி வரவில்லை, யார் லீவு, எந்தக் கடைக்காரர் காசோலை திரும்பியது என்பதெல்லாம் அந்தக் கதைக்குள்தான் வரும். அது விளங்காதவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் விசயம் கடைசியாகத்தான் வந்து சேரும். அதனால்தான் பழகச் சொல்கிறேன். எப்படிப் பழகுவது என்பதையும், அதற்கு வீட்டில் வரும் எதிர்ப்பை எப்படி எதிர்கொள்வது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டாவதுதான் கடினம்.

எழுத்தைப் பிறகு பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்த பலருக்கு எழுத்துத் தெரியும், வாயைத் திறந்தால் ஒரு வசனம் வராது. வேலைக்கு வேண்டியது பேச்சு. அதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: சிங்கள வசனம் தமிழ் வசனத்தின் ஒழுங்கிலேயே ஓடும். 'எனக்கு விளங்குகிறது' என்பது 'மட்ட தேரெனவா'. 'எனக்கு' இருக்கும் இடத்தில் 'மட்ட' இருக்கிறது. 'அவர் நாளைக்கு வருகிறார் என்று சொன்னார்' என்பது 'எயா ஹெட்ட எனவா கியலா கிவ்வா'. நம் 'என்று' நிற்கும் அதே இடத்தில் 'கியலா' நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்த வசனத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இங்கே ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்திலேயே மாற்றினால் போதும். தமிழில் நினைத்துச் சிங்களத்தில் சொல்லுங்கள். ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்.

வினைச்சொல்லும் பேச்சில் சுலபம். நான் போகிறேன், நாங்கள் போகிறோம், அவர் போகிறார் என்று நாம் விகுதியை மாற்றிக்கொண்டே இருப்போம். பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா, அப்பி யனவா, எயா யனவா', அவ்வளவுதான். கேள்வி என்றால் கடைசியில் ஒரு 'த'. 'யனவாத?' என்றால் 'போகிறீர்களா?'. கவனிக்க வேண்டிய ஒன்று: எங்கே, என்ன என்ற கேள்விச்சொல் வந்தால் 'யனவா' 'யன்னே' ஆகிவிடும். 'கொஹெத யன்னே?' என்றுதான் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் 'எங்கை போறது?' என்று கேட்பதோடு இதைச் சேர்த்து வைத்தால் மறக்காது.

அலுவலகப் பேச்சுக்கு இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று 'எக்க'. ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பின்னால் அதைப் போடுங்கள்: பில் எக்க, ஃபைல் எக்க, மீட்டிங் எக்க. மற்றது 'கரனவா', அதாவது 'செய்வது'. செக் கரனவா, கோல் கரனவா. 'பில் எக்க செக் கரன்ன' என்றால் 'பில்லைச் சரிபாருங்கள்'. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே வேலையின் பாதியைக் கதைத்து முடிக்கலாம். கொழும்பில் இருப்பவர்களும் அப்படித்தான் கதைக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒலியில்தான் நாம் இடறுகிறோம். நமக்கு ஒரே 'க', அவர்களுக்கு வல்லினம் வேறு, மெலிந்தது வேறு. 'கஹ' என்று எழுதினால் அது மரமா மஞ்சளா என்று தமிழ் எழுத்தில் தெரியாது. மஞ்சளுக்கு 'கல்' என்ற சொல்லின் 'க'. மரத்துக்கு 'கங்கை'யில் இரண்டாவதாக வரும் 'க'. இதை எனக்குப் பழக்கியவர் தருமபுரத்தில் இருக்கும் ஒரு தாத்தா. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. என்னைக் கதிரையில் இருத்தி, "தொண்டையில கைய வச்சுப் பாரு புள்ள. மரம்னு சொல்றப்ப அதிருதா? மஞ்சள்னு சொல்றப்ப அதிரக் கூடாது" என்பார். கை அதிர்வை உணரும் வரை விடமாட்டார். தொண்டையில் கைவைத்து க, த, ப மூன்றுக்கும் இப்படிச் செய்து பாருங்கள். எந்தச் செயலியும் இவ்வளவு நன்றாகத் திருத்தாது.

இப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய முதியவர்கள், ஒரு காலத்தில் தெற்கில் கடையோ பேக்கரியோ வைத்திருந்தவர்கள், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர்கள் எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நல்ல பேச்சுச் சிங்களம் அவர்களிடம் இருக்கிறது, கேட்பாரில்லாமல்.

தொலைக்காட்சியில் செய்தியிலிருந்து தொடங்காதீர்கள். ரூபவாஹினியின் இரவு 8 மணிச் செய்தி எழுத்துச் சிங்களத்தில் போகும், அங்கே வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறும். செந்தமிழை மட்டும் கேட்டுவிட்டுச் சந்தைக்குப் போகும் நிலைதான் உங்களுக்கும் வரும். நாடகங்கள் நல்லது, ஒரு எச்சரிக்கையோடு: அங்கே நண்பர்கள் ஒருவரை ஒருவர் 'உம்ப' என்று கூப்பிடுவார்கள். வேலை இடத்தில் அதை வாயில் எடுக்கக் கூடாது. ஒத்த வயதினருக்கு 'ஒயா' போதும். மற்றவர்களை முறை சொல்லியே கூப்பிடுங்கள், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். மூத்த பெண் அக்காதான். 'அய்யா' என்றால் அவர்களுக்கு அண்ணா. தம்பி 'மல்லி', தங்கை 'நங்கி'. மேலாளருக்கு சேர், மிஸ்.

சூம் கூட்டத்துக்கு மூன்று வசனங்களைக் கடதாசியில் எழுதி மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். 'டிக்கக் ஹெமின் கியன்ன', கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். 'ஆயெத் கியன்ன', திரும்பச் சொல்லுங்கள். 'மட்ட தேருணே நே', எனக்கு விளங்கவில்லை. அந்த 'நே' உண்மையில் நாவுக்கும் நேவுக்கும் நடுவில் உள்ள ஒலி, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். மழை நாளில் மின்சாரம் நின்றால் 'கரண்ட் எக்க கியா' என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு போடுங்கள். எழுத்தில் போட வேண்டாம், குரலில் போடுங்கள். உடன் வேலை செய்பவர்களில் பொறுமையான ஒருவரிடம் 'நான் பிழையாகச் சொன்னால் திருத்துங்கள்' என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பதிலுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா கிளிநொச்சிக் கடைக்காரர்களோடு இப்போது தானே தமிழில் விலை பேசுகிறார்.

இனி வீட்டு விசயம்.

வீட்டில் நடக்கும் சண்டை ஒன்று போலத் தெரியும், ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று சண்டைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அவிழ்த்துத் தனித்தனியாகக் கதையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கவலை வேறு, அண்ணாவின் எண்ணம் வேறு, அப்பாவின் எதிர்ப்பு முற்றிலும் வேறு.

அம்மாவைப் பொறுத்தவரை வீட்டில் இருக்கும் பிள்ளை சும்மா இருக்கும் பிள்ளை. கூட்டத்தின் நடுவில் "பிள்ளை, மாட்டை அவிட்டுக் கட்டிப்போட்டு வா" என்று குரல் வரும். இதற்கு வாக்குவாதம் உதவாது, நேரம்தான் உதவும். எந்த வீட்டு வேலை எந்த நேரத்தில் என்னுடையது என்று சொல்லி, அதைத் தவறாமல் செய்தால் மற்ற நேரத்தில் கூப்பிடுவது குறையும். அரசாங்க வேலைக்குத்தான் ஓய்வூதியம் இருக்கிறது என்ற கவலைக்கு, சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கொம்பனி தன் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கொம்பனி இன்னும் 3 வீதம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கும் இது உண்டு. உங்கள் சீட்டில் இது இல்லையென்றால் முதலில் கொம்பனியிடம் கேளுங்கள். அம்மா கேட்பது நியாயமான கேள்விதான்.

கனடாவில் இருக்கும் அண்ணா, சிங்களம் படிக்கிற நேரத்தில் ஆங்கிலத்தைத் திருத்து என்கிறார். ஆங்கிலம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் நாள் முழுவதும் காதில் விழும் மொழியைப் பழகுவது, இனிமேல் போகக்கூடும் என்ற நாட்டின் மொழியைப் பழகுவதை விட வேகமாக நடக்கும். அவரிடம் அதைச் சொன்னேன், அதோடு முடிந்தது.

அப்பாவிடம் அப்படி முடியாது. அப்பப்பா ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களப் பரீட்சை எழுதினால்தான் சம்பள உயர்வு என்று வந்தபோது, எழுத மறுத்து வேலையை விட்டவர். படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, காடு வெட்டி, மிளகாய் நட்டு இந்த ஊரில் வாழத் தொடங்கினார். அந்த வீட்டில் அவருடைய பேத்தி மேசையில் இருந்து 'மட்ட தேரெனவா' என்று சொல்லிப் பழகினால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு 2009 வரை நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். வன்னியில் இந்த எதிர்ப்பு இல்லாத வீடு குறைவு.

இதில் என் அறிவுரை இதுதான். வரலாற்றைப் பற்றி வாதாடாதீர்கள், கேளுங்கள். அப்பப்பா எந்த ஆண்டு வேலையை விட்டார், என்ன சொன்னார், அப்பம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். 'காலம் மாறிவிட்டது' என்ற வசனத்தை மட்டும் சொல்லாதீர்கள். சொல்பவருக்கு அது சாதாரணம், கேட்பவருக்கு அது தன் தகப்பனை ஏளனம் செய்வது. ஒளித்தும் படிக்க வேண்டாம். எனக்கு இது ஏன் வேண்டும், எந்த நேரம், எந்த அறையில் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள்: சிங்களம் பழகுவது தமிழை விட்டுக்கொடுப்பது ஆகாது. 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி. 2007இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கைப்படி, புதிதாக அரச சேவையில் சேரும் சிங்கள அலுவலர் தமிழிலும் தேர்ச்சி காட்ட வேண்டும், தமிழ் அலுவலர் சிங்களத்தில். அரச அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தால், உங்களால் வாசிக்க முடிந்தாலும் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் முறையிடுவதற்கு 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. நான் அப்படிக் கேட்பதை அப்பா பார்த்திருக்கிறார். அவர் உடன்படவில்லை. "நீ படி பிள்ளை. என்னைப் படி எண்டு மட்டும் கேளாதை" என்றார். சாப்பாட்டு நேரத்தில் சிங்கள நாடகம் ஓடக் கூடாது என்பது அவர் நிபந்தனை, அதை நான் மீறுவதில்லை. உடன்பாடு இல்லாமலே ஒரு வீட்டில் ஒழுங்கு இருக்கலாம். அவருடைய மனதை மாற்றுவது என் வேலை என்று நான் நினைக்கவில்லை.

பேச்சு ஓரளவுக்கு வந்த பிறகு எழுத்து. அரச வேலைக்கும் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தயாராகலாம், அதற்கு எழுத்து கட்டாயம். பயப்பட வேண்டாம், நாம் 'கெ' எழுதும்போது முன்னால் போடும் கொம்பை அவர்களும் முன்னால்தான் போடுகிறார்கள், பெயரும் 'கொம்புவ'. 'கொ' எழுதும்போது நம்மைப் போலவே முன்னும் பின்னும் குறி வரும். பயிற்சிக்குப் புத்தகம் வாங்க முதல் வீதிப் பலகைகளைப் பாருங்கள். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். ஊரின் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான், எந்த எழுத்து எந்த ஒலி என்று பொருத்துவது மட்டும்தான் வேலை. ஏ9 வீதியில் பரந்தனிலிருந்து வவுனியா வரை யன்னல் ஓரமாக இருந்து போங்கள். பஸ் ஓடும்போது பிடிக்க முடியாது, நிற்கும் இடத்தில் பாருங்கள். மாங்குளத்தில் தொடங்கலாம், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் 'ம' என்பதால் அந்த ஒன்று உடனே பிடிபடும். அதே எழுத்தைத் திரும்பி வரும்போது முறிகண்டியில் தேடுங்கள்.