கல்பாசியையும் பவளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பிரியாணியில் போடும் கல்பாசி பெயரில்தான் பாசி, பெரும்பகுதி பூஞ்சை. பவளப்பாறையும் வெறும் பாறை இல்லை, அதைக் கட்டி வாழும் பவளம் ஒரு விலங்கு. இரண்டுமே நுண்பாசியைத் தம்மிடம் குடிவைத்து, அது வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் வாழ்கின்றன. அதனால் உருவத்தை விட்டுவிட்டு, பாசி எங்கே குடியிருக்கிறது என்பதில் தொடங்குங்கள்.

முதலில் கல்பாசி. நொறுங்காத, அகலமான துண்டு ஒன்றை எடுத்துச் சில நிமிடம் தண்ணீரில் போட்டு, புது பிளேடால் குறுக்கே மெல்லியதாகச் சீவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். மேலே சாம்பல் தோல், அதை ஒட்டி மெல்லிய பச்சைக் கோடு, நடுவில் வெள்ளைப் பஞ்சு, அடியில் கறுப்பு. அந்தப் பச்சைக் கோடுதான் பாசி (பழைய சரக்கு என்றால் மங்கியிருக்கும்). பூஞ்சை இழைகளுக்கு இடையில்தான் அது இருக்கிறது. பவளத்திலோ பாசி விலங்கின் செல்லுக்குள்ளேயே வசிக்கிறது, இந்த வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பவளத்தைக் கரையில் கிடக்கும் செத்த துண்டாக இருந்தாலும் எடுத்து வராதீர்கள், அது வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தனுஷ்கோடிக்குப் போனால், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரிலேயே பவளக்கல் இருக்கிறது, பெயர்க்காமல் லென்ஸை மட்டும் கிட்டே கொண்டுபோங்கள். நட்சத்திரம் போன்ற சின்னச் சின்னக் குழிகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு பாலிப் (பவளக் கூட்டத்தின் ஒரு தனி உயிர்) இருந்த வீடு. இப்படிச் சுண்ணாம்பில் வீடு கட்டும் வேலை கல்பாசிக்குக் கிடையாது. வாயும் கிடையாது. பவளத்துக்கு வாயும் உண்டு, கொட்டும் கொம்புகளும் உண்டு, இரவில் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும்.

அப்புறம் வெயில். கல்பாசி காய்ந்தால் அப்படியே உறங்கிவிட்டு மழை பட்டதும் விழிக்கும். பவளத்துக்கு அந்த வசதி இல்லை. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நீடித்தாலே பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும், 2016இல் மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான், பாசி திரும்பி வராவிட்டால் பட்டினியில் சாகும்.

கடைசியாகக் கல்பாசியின் ஓரத்தை மறுபடி பாருங்கள். மாவு போல ஒட்டியிருக்கும். அந்தத் துகள் ஒவ்வொன்றிலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே பயணப்படுகின்றன. பவளத்தின் குஞ்சுகளோ பல இனங்களில் தனியாகத்தான் கிளம்புகின்றன, தமக்கான பாசியைக் கடலில்தான் தேடிக்கொள்ள வேண்டும்.